மூக்கரிசி

மத்தியானக் கஞ்சியைக் குடித்துவிட்டு உப்பு அம்பாரத்தின் நிழலில் சாய்ந்தால் கொம்பையா உடனே தூங்கிவிடுவான். மூக்கு மட்டும் தூங்காது. அது சொட்டுச் சொட்டாகத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். மீசையில் இறங்கித் தாடையில் வழிந்து நெஞ்சில் விழும் அந்தத் தண்ணீர் காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்துவிடும். ஏழு வருசத்துக்கு முன்னால் மணிக்கட்டில் சிக்கென்று இறுகியிருந்த செம்புக் காப்பு, இப்போது கையைத் தூக்கினால் முழங்கைக்கு ஓடியது. அதைப் பார்க்க வேண்டாம் என்று அவன் பெண்டாட்டி சந்தனமாரி வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வேறு பக்கம் திரும்பினால் கடல் இருந்தது. அவர்கள் குடிக்கிற தண்ணீர் அதுதான்.

ஆறு கடலுக்கு வந்து சேர்வது நின்று பதினொரு வருசம் ஆகியிருந்தது. கிணறுகள் அதற்கு முன்பே உப்பேறிப் போயின. கரையில் கட்டிய சுத்திகரிப்பு ஆலை நாலு வருசம் ஓடியது. ஆயிரம் லிட்டர் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்க நாலு யூனிட் கரண்ட் வேண்டும். அந்தக் கரண்டை உள்நாட்டு நகரங்கள் கேட்டன, கொடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் உவர்சுரப்பித் திட்டம் வந்தது. கடல்காக்காயின் கண்ணுக்கு மேலே ஒரு சுரப்பி இருக்கிறது. அது குடிக்கிற கடல் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்து மூக்கு வழியாகத் தள்ளிவிடுகிறது. அதே மாதிரி ஒன்றை மனுசத் தசையில் வளர்த்து இரண்டு புருவத்துக்கும் மேலே தோலுக்கடியில் வைத்துத் தைத்துவிட்டால் ஆயிற்று என்றார்கள். ஆலை வேண்டாம், குழாய் வேண்டாம், கரண்ட் வேண்டாம். சுரப்பிக்குக் கொஞ்சம் தீனி மட்டும் போட வேண்டும். நாளைக்கு ரெண்டு இட்லி கூடச் சாப்பிட்டால் போதும் என்று சுவரெல்லாம் எழுதிப் போட்டார்கள். அந்த ரெண்டு இட்லிக்காகத் தலைக்கு மாதம் மூன்று கிலோ அரிசியை ரேஷனில் தனியாகக் கொடுத்தார்கள். சனம் அதற்கு மூக்கரிசி என்று பேர் வைத்தது; சுரப்பிக்குக் கட்டி என்று.

வைத்த சுரப்பியை எடுக்க முடியாது. அப்புறம் நல்ல தண்ணீரே குடித்தாலும் அது உடம்பில் இருக்கிற உப்பை இழுத்து ஊற்றிக்கொண்டுதான் இருக்கும். உள்நாட்டுக்காரர்கள் இவர்களை ஒழுகிகள் என்பார்கள். ஒழுகிக்கு ஓட்டலில் வேலை கிடையாது, துணிக்கடையில் வேலை கிடையாது, பிள்ளைகளைத் தூக்கி வளர்க்கிற வேலை கிடையாது. உப்பளத்தில் மட்டும் உண்டு. உப்பின் மேல் உப்பு சொட்டினால் யாருக்கும் நட்டமில்லை.

கரையோரத்துப் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதுவரை நாளைக்கு நாலு லிட்டர் நல்ல தண்ணீர் அட்டையில் வரும். பதினெட்டு முடிந்த அன்றைக்கு அட்டை செத்துவிடும். சந்தனமாரியின் மகள் முப்பிடாதிக்கு ஆவணி பிறந்தால் பதினெட்டு. சுரப்பி வைக்க வரச் சொல்லிக் கடுதாசி வந்து பத்து நாள் ஆகிறது. அந்தக் கடுதாசியைச் சந்தனமாரி அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தாள். மதுரையில் ஒரு தையல் கம்பெனி முப்பியை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. மூக்கு காய்ந்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய ஒரே நிபந்தனை.

"எல்லாரும் இங்க வாங்க" என்று வரப்பில் நின்று மேஸ்திரி தொரைப்பாண்டி கூப்பிட்டான். "அடுத்த வாரம் மெட்ராஸ்லருந்து டாக்டருமாரு வாராக. காதுக்குப் பின்னால ஒரு மீட்டர ஒட்டுவாக. மூணு நாளைக்கு. வேலைய நிறுத்தாண்டாம். எப்பவும் போல பாத்தியில நின்னா போதும்."

"எதுக்கு மேஸ்திரி?" என்று கேட்டாள் சந்தனமாரி.

"மூக்கு எப்படி வேலை செய்யின்னு பாக்கதுக்கு."

"அதுக்கு மீட்டர் எதுக்கு?" கொம்பையா கண்ணைத் திறக்காமலே சொன்னான். "எனக்குக் கீழ ஒரு பாத்தி கட்டிவிடச் சொல்லும். மாசம் ஒரு மூட்டை வாரிக் குடுத்துருதேன்."

எல்லாரும் சிரித்தார்கள். தொரைப்பாண்டியும் சிரித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டான். அவனும் ஒழுகிதான்.

"சிரிங்க. ஆபீஸ்ல ஒண்ணு பேசிக்கிட்டாக. தாயும் தகப்பனும் மீட்டர்ல முதல் தரம்னு வந்துட்டா, அந்த வீட்டுல ஒரு பிள்ளைக்குக் கட்டி வைக்கதுலருந்து விலக்காம்."

சந்தனமாரி எழுந்து நின்றாள். "யாரு சொன்னா?"

"கிளார்க்கு சொன்னாரு."

"அவருக்கு யாரு சொன்னா?"

"ஏளா, எனக்கு என்ன தெரியும்? விலக்குன்னு காதுல விழுந்துச்சு, சொல்லிட்டேன்."

தொரைப்பாண்டி பொய் சொல்கிறவன் இல்லை. அதனால்தான் அவன் சொன்னது ஊர் முழுக்க நின்றது.

*

டெஸ்ட் என்று யார் வந்தாலும் நல்லா இருக்கிற மாதிரி காட்டிக்கொள்ள வேண்டும் என்பது உப்பளத்துச் சனத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று வருசத்துக்கு முன்னால் ஒரு கண் முகாம் நடந்தது. உப்பில் அடிக்கிற வெயிலைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்கிப்போனதை உள்ளபடி சொன்ன பதினாலு பேரைக் கம்பெனி மறுவாரமே நிறுத்தியது. மற்றவர்கள் வரிசையில் முன்னால் நின்றவனிடம் பலகையில் இருந்த எழுத்துக்களைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு போனார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிழவர்கள்கூட க, ட, ம, ற என்று கடைசி வரிவரை ஒப்பித்தார்கள். அவர்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

அன்றைக்குச் சாயந்தரம் வீட்டில் கஞ்சி ஊற்றிக்கொண்டே சந்தனமாரி யோசித்துச் சொன்னாள். "முதல் தரம்னா என்ன? கட்டி கொஞ்சமா திங்கணும். கொஞ்சமா ஒழுகணும். அப்பதான் உடம்பு நல்லாருக்குன்னு எழுதுவான்."

"கட்டியப் போயி கொஞ்சமாத் தின்னுன்னு எப்படிச் சொல்லுவ?" என்றான் கொம்பையா.

"குடிச்சாத்தான அது வேலை செய்யும். குடிக்காட்டி?"

கொம்பையா தூக்குவாளியைப் பார்த்தான். ஒரு நாளைக்கு அவன் பத்து, பன்னிரண்டு லிட்டர் குடிப்பான். பத்துக் குடித்தால் ஆறு மூக்கு வழியாகப் போய்விடும். நாலுதான் உடம்பில் தங்கும். அந்த நாலும் பாத்தியில் வேர்வையாகப் போய்விடும்.

"மூணு நாளு" என்றாள் சந்தனமாரி. "மூணே நாளு. இவ ஆயுசுக்கும் மூக்கத் துடைக்காம இருப்பா."

முப்பி வாசற்படியில் உட்கார்ந்து பழைய சீலையில் பொத்தான் துளை தைத்துப் பழகிக்கொண்டிருந்தாள். "எனக்காக யாரும் தாகமா கெடக்க வேண்டாம். கட்டி வச்சவ எல்லாம் செத்தா போனா?"

"வாய மூடிட்டு ஊசியப் பாரு."

"அப்பாவால முடியாதும்மா."

"முடியும்" என்றான் கொம்பையா. "ஒங்கம்மா சொன்னா முடியும். இருபது வருசமா எல்லாம் அப்படித்தான முடிஞ்சிருக்கு."

*

டாக்டர் வாகீசன் ஒல்லியான ஆள். முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் ஈரத்துணி கட்டியிருந்தார். அவருடன் ஊர் சுகாதார நிலையத்து நர்ஸ் எஸ்தர் நின்றாள். அவள் இந்தக் கரைக்காரி. அவளுக்குச் சுரப்பி கிடையாது. அரசு வேலைக்காரர்களுக்கு நல்ல தண்ணீர் உண்டு. வாகீசன் ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் ஒரு சின்ன வில்லையை ஒட்டினார். மூக்குக்குக் கீழே ஒரு மெல்லிய குழாயை ஒட்டி அதன் மறுமுனையை இடுப்பில் கட்டிய பையில் விட்டார்.

"இது எதுக்கு சார்?" என்று சந்தனமாரி கேட்டாள்.

அவர் எஸ்தரைப் பார்த்தார். பிறகு எழுதி வைத்ததைப் படிக்கிற மாதிரி சொன்னார். "அதை நான் சொல்லக் கூடாதும்மா. நீங்க வழக்கம்போல இருங்க. வழக்கம்போலச் சாப்பிடுங்க, குடிங்க, வேலை செய்யுங்க. அவ்வளவுதான்."

சொல்லக் கூடாது என்று ஒருத்தர் சொன்னால் அதில் என்னமோ இருக்கிறது என்று அர்த்தம். சந்தனமாரி தலையாட்டிக்கொண்டாள்.

அன்றைக்குக் காலையில் பாத்தியில் இறங்குமுன் அவள் மீட்டர் ஒட்டிய நாற்பது பேரையும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தாள். தாகத்தை அடக்குவது பெண்களுக்குப் புதிதில்லை. கண்ணுக்கெட்டின தூரம்வரை ஒரு செடி மறைவு இல்லாத வெட்டவெளியில் ஒதுங்க இடம் ஏது? அதனால் விடிகாலையில் குடித்ததோடு மத்தியானம்வரை வாயைக் கட்டிப் பழகியவர்கள் அவர்கள். ஆண்களுக்குத்தான் பாடம் தேவைப்பட்டது.

"புளியங்கொட்டையை வாயில போட்டு ஒதுக்கிக்கிடுங்க. கடிக்காதிங்க. பிடரியில ஈரத்துணி போடுங்க. பேச்சக் குறைங்க. குடிக்கிற தண்ணித் தொட்டிப் பக்கம் கண்ணு போகாம வேலை செய்யுங்க. ரொம்ப முடியலன்னா வாய நனைச்சுத் துப்புங்க, முழுங்காதிங்க."

"எத்தன குவளை குடிக்கலாம் மைனி?" என்று ஒருவன் கேட்டான்.

"காலையில ரெண்டு, சாயந்தரம் ரெண்டு."

"ஏ யப்பா. ஒட்டகத்துக்குப் போயி மீட்டர் ஒட்டுங்கடான்னு சொல்லிருக்கலாம்."

"ஒட்டகத்துக்கு மக இல்ல, கட்டி வைக்க. ஒனக்கு ரெண்டு இருக்கு."

அவன் புளியங்கொட்டையை வாயில் போட்டுக்கொண்டான்.

முதல் நாள் சமாளித்துவிட்டார்கள். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பெரிய ஆபீசரை ஏமாற்றுகிற சந்தோசம் அதில் இருந்தது. இரண்டாம் நாள் யாரும் சிரிக்கவில்லை. பலகையால் உப்பை இழுத்துக் கூட்டும் சத்தம் மட்டும் கேட்டது. "நாக்கு செருப்பு மாதிரி கெடக்குளா" என்று கொம்பையா அவளிடம் சொன்னான். சொல்லும்போது உதடு வெடித்து ரத்தம் வந்தது. "இன்னும் ஒரு நாளு" என்றாள் அவள்.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்குக் கொம்பையா பலகையைப் பிடித்தபடியே முன்னால் சாய்ந்து பாத்தித் தண்ணீரில் முகம் குப்புற விழுந்தான். நாலு பேர் தூக்கி அம்பாரத்துக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். மூச்சு இருந்தது. சந்தனமாரி அவன் வாயில் ஒரு குவளை ஊற்றினாள். அது கடைவாயில் வழிந்தது. அடுத்த குவளையை எடுக்கும்போது எஸ்தரின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. சந்தனமாரி குவளையை மணலில் கவிழ்த்துவிட்டு, அவன் முதுகை அம்பாரத்தில் சாத்தி உட்காரவைத்தாள்.

எஸ்தர் வந்து நின்றாள். "அண்ணாச்சிக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. சாஞ்சிருக்காரு."

"தண்ணி குடிச்சாரா?"

"குடிச்சாரு."

எஸ்தர் குனிந்து பார்த்தாள். இடுப்புப் பையில் அடி நனைகிற அளவுக்குத்தான் தண்ணீர் இருந்தது. "மூக்கு காஞ்சு கெடக்கே மாரிக்கா."

"இப்பதான் துடைச்சேன்."

எஸ்தரின் வாய் திறந்தது. அவள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தாள். அளவெடுப்பின் நோக்கத்தை யாரிடமும் சொல்வதில்லை என்று. சொன்னால் மொத்த ஆய்வும் செல்லாது, வேலையும் போகும்.

"வழக்கம்போலத்தான இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"வழக்கம்போலத்தான்."

எஸ்தர் அதை எழுதிக்கொண்டு போனாள்.

*

கொம்பையா பிழைத்துக்கொண்டான். ஆனால் கால் இரண்டும் வீங்கி, பாத்தியில் இறங்க முடியாமல் ஆகிவிட்டது. மூத்திரம் போவதற்கு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். "முதல் தரம் வந்துருச்சா?" என்று தினமும் கேட்டான்.

ஐந்து வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வாகீசனே வீட்டுக்கு வந்தார். எஸ்தர் பின்னால் வந்தாள். முப்பி பாயை விரித்தாள். அவள் அட்டைத் தண்ணீரில் ஒரு டம்ளர் ஊற்றி அவருக்குக் கொடுத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லப் போய், பிறகு வாங்கிக் கொஞ்சம் குடித்தார்.

"உங்களைப் பார்த்துட்டுப் போகணும்னு வந்தேன்" என்றார். "நான் தப்பாக் கணக்குப் போட்டிருக்கேன். சந்தோசமான தப்பு."

"என்ன சார்?"

"இப்ப சொல்லலாம், முடிஞ்சிருச்சு. உப்பும் தண்ணியும் கலக்க எந்தச் செலவும் இல்லம்மா. போட்டா கரைஞ்சிடும். ஆனா கலந்ததைப் பிரிக்கணும்னா யாராவது உழைச்சே ஆகணும். அதுக்குத் தப்பிக்க வழியே கிடையாது. உங்க உப்பளத்துல அந்த வேலையை வெயில் செய்யுது. ஆலையில கரண்ட் செஞ்சது. உங்க உடம்புல சோறு செய்யுது."

"ரெண்டு இட்லி" என்றான் கொம்பையா, படுத்தபடியே.

"ஆமா, ரெண்டு இட்லி. அதை எப்படிக் கண்டுபிடிச்சாங்க தெரியுமா? ஆபீஸ்ல நாற்காலியில உட்கார்ந்திருக்கிற ஆட்களை வெச்சு. அவங்க நாளைக்கு மூணு லிட்டர்தான் குடிப்பாங்க. நீங்க வெயில்ல நிக்கிறீங்க, பத்துப் பன்னிரண்டு லிட்டர் குடிப்பீங்க. அளவு கூடக் கூட சுரப்பி திணறும். வெளியே தள்ளின உப்பு திரும்ப உள்ளே கசியும், அதை மறுபடி தள்ளணும். என் கணக்குப்படி உங்களுக்கு இருபது, இருபத்தஞ்சு இட்லி ஆகணும். அரிசி அந்த அளவுக்குக் கிடைக்கலைன்னா, சுரப்பி உங்க சதையைத்தான் திங்கும். நான் நாலு வருசமா இதை எழுதிட்டிருந்தேன். கடைசியில சரி, போய் அளந்து பார்னு சொன்னாங்க. அளவு ஒரு எல்லையைத் தாண்டினா புதுசா யாருக்கும் சுரப்பி வைக்கிறதை உடனே நிறுத்தணும்னு எழுதி வாங்கிட்டுத்தான் வந்தேன்."

சந்தனமாரி கொம்பையாவின் கையில் கிடந்த காப்பைப் பார்த்தாள்.

"ஆனா பாருங்க, எல்லையில கால்வாசிகூட வரலை" என்றார் வாகீசன். அவர் முகத்தில் தோற்றவனின் சிரிப்பும் நிம்மதியும் சேர்ந்திருந்தன. "உங்க உடம்பு பழகிடுச்சு. ரெண்டு இட்லிகூட வேண்டாம், ஒண்ணரை போதும்னு வருது. நீங்க எல்லாரும் செத்துட்டிருக்கீங்கன்னு நான் நினைச்சிட்டிருந்தேன். அப்படி இல்லைங்கிறதுல..."

"விலக்கு?" என்று கேட்டாள் சந்தனமாரி.

"என்ன விலக்கு?"

"தாயும் தகப்பனும் முதல் தரம் வந்தா பிள்ளைக்கு விலக்குன்னு."

வாகீசன் எஸ்தரைத் திரும்பிப் பார்த்தார். எஸ்தர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படி ஒண்ணும் இல்லையேம்மா. தரமெல்லாம் நாங்க போடலையே."

சந்தனமாரி சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். புளியங்கொட்டையைச் சொன்னாள், நாலு குவளையைச் சொன்னாள், குப்புற விழுந்ததைச் சொன்னாள். குரலை உயர்த்தாமல், வேலை விவரம் சொல்கிற மாதிரி சொன்னாள். வாகீசன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"நாற்பது பேருமா?"

"நாப்பது பேரும். நாந்தான் சொன்னேன்."

கொம்பையாவின் மூக்கு சொட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க சொல்லிருக்கலாம்லா" என்றாள் சந்தனமாரி.

"சொல்லியிருந்தா நீங்க வேணும்னே அதிகமாக் குடிப்பீங்க. அப்ப அது உண்மையான அளவா இருக்காது. அதுக்காகத்தான் சொல்லக் கூடாதுன்னு விதி."

"குடிச்சிருப்போம்."

"அதான்."

"இப்ப வந்தது மட்டும் உண்மையான அளவா?"

அவர் டம்ளரைப் பாயின் ஓரத்துக்கு நகர்த்தினார்.

"மாத்தி எழுதும் சார். நாங்க சொன்னோம்னு எழுதும். ரேகை வைக்கோம்."

"அறிக்கை போய் மூணு வாரமாச்சு. உத்தரவே வந்திருச்சு." அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நான் ஆரம்பத்திலேருந்து ஆட்சேபம் சொன்ன ஆள். என் கையாலேயே அளந்து கொடுத்துட்டு, இப்ப போய் அளவு தப்பு, அவங்க தாகத்தை அடக்கிட்டாங்கன்னு சொன்னா, வேண்டிய விடை வரலைன்னு மாத்துறான்னு சொல்வாங்க. இருந்தாலும் எழுதுறேன். கண்டிப்பா எழுதுறேன். ஆனா மறு அளவெடுப்பு அஞ்சு வருசத்துக்குக் கிடையாது."

"நான் பாத்தேன் சார்" என்றாள் எஸ்தர், சுவரைப் பார்த்தபடியே. "மூணாம் நாளு. மூக்கு காஞ்சிருந்துச்சு. பாத்துட்டுத்தான் போனேன்."

கொம்பையா மெதுவாகத் தலையைத் திருப்பினான். "விடு தாயி. நீ கேட்ட, இவ ஒண்ணுமில்லன்னா. நானும் செத்த மாதிரி உக்காந்துதான் இருந்தேன்." பிறகு பெண்டாட்டியிடம் கேட்டான். "அப்ப நாம நல்லாத்தான் செஞ்சிருக்கோம், என்ன? எல்லைக்குக் கால்வாசியாம்."

அது கேலியா இல்லையா என்று சந்தனமாரிக்குத் தெரியவில்லை.

உத்தரவு அந்த வாரமே ரேஷன் கடைக் கதவில் ஒட்டப்பட்டது. கடின உழைப்பில் ஈடுபடுவோரின் உடல் உவர்சுரப்பிக்கு நன்கு பழகிவிடுவது ஆய்வில் உறுதியாகியிருப்பதால், சிறப்பு அரிசி மூன்று கிலோவிலிருந்து இரண்டே கால் கிலோவாகத் திருத்தப்படுகிறது என்று அதில் இருந்தது. இளம் வயதில் பொருத்தினால் இன்னும் நன்றாகப் பழகும் என்பதால், அடுத்த ஆண்டிலிருந்து பதினாலு வயதிலேயே பொருத்தலாம் என்றும் இருந்தது. முப்பிதான் அதைப் படித்துச் சொன்னாள். கேட்டுக்கொண்டு நின்றவர்களில், ஒட்டகம் என்று கேலி பேசியவனும் இருந்தான். அவனுடைய மூத்த பெண்ணுக்குப் பதிமூன்று வயது. அவன் சந்தனமாரி நின்ற இடத்தைச் சுற்றிக்கொண்டு நடந்து போனான்.

*

ஆவணி மூன்றாம் தேதி முப்பிக்குச் சுரப்பி வைத்தார்கள். ஒரு மணி நேரத்து வேலை. புருவத்துக்கு மேலே இரண்டு பக்கமும் நான்கு நான்கு தையல். தையலைப் பார்த்துவிட்டு, "கோணலா போட்டுருக்கான், நூலும் மட்டம்" என்றாள் முப்பி. மதுரைக்காரர்களுக்கு அவளே கடுதாசி எழுதிப் போட்டாள். பதினைந்து நாளில் வீக்கம் வடிந்தது. தையல் ஆறும்வரை நீட்டிக் கொடுத்திருந்த அட்டையும் செத்தது. கொம்பையாவின் இடம் பாத்தியில் காலியாக இருந்ததால் தொரைப்பாண்டி அவளை அதில் எடுத்துக்கொண்டான். "என் வாயில வந்த சொல்லு" என்று அவன் ஆரம்பித்தபோது, "பலகை எங்க கெடக்கு, அதச் சொல்லும்" என்று சந்தனமாரி அவனை நிறுத்திவிட்டாள்.

முதல் நாள் காலை. வெயில் ஏற ஏறப் பாத்திகள் கண்ணைக் கூசின. முப்பி பலகையை எட்டிப் பிடித்து இழுக்கிறாள் என்று ஆரம்பத்தில் நாலு பேர் சிரித்தார்கள். அரை மணி நேரத்தில் கையை மாற்றிப் பிடித்துக் கற்றுக்கொண்டாள். ஒன்பது மணிக்குத் தொட்டிப் பக்கம் போனாள். சந்தனமாரி பலகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பதினெட்டு வருசமும் கடல் தண்ணீர் வாயில் பட்டாலே துப்பிய பிள்ளை, ஒரு குவளையை மோந்து கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். கண்ணைத் திறந்தாள். இன்னொரு குவளை குடித்தாள். பிறகு மூன்றாவது.

"எம்மா, உப்பாவே தெரியலம்மா" என்றாள் வந்து. குரலில் ஆச்சரியம் இருந்தது. "நல்லாத்தான் இருக்கு. இதுக்குப் போயா பயந்தேன்."

"வேலையப் பாரு."

பக்கத்துப் பக்கத்து வரிசையில் இரண்டு பேரும் இழுத்தார்கள். கால் மணி நேரத்தில் முப்பியின் மூக்கு நுனியில் ஒரு துளி திரண்டு நின்றது. அவள் புறங்கையால் துடைத்தாள். இன்னொன்று வந்தது. அதையும் துடைத்தாள். அதற்கப்புறம் எல்லாரையும் போல விட்டுவிட்டாள். மறுபடி தொட்டிக்குப் போய் இரண்டு குவளை குடித்துவிட்டு வந்தாள். வெயில் அப்படி இருந்தது.

பத்தரை மணிக்கு அவள் பலகையை ஊன்றி நின்றாள். முகம் வெளுத்திருந்தது. ஒரு கையால் வயிற்றை அமுக்கிக்கொண்டாள்.

"என்னம்மா இது, இப்படிப் பசிக்கி. காலையில மூணு அகப்ப சோறு தின்னேன். ஒண்ணுமே திங்காத மாதிரி இருக்கு."

சந்தனமாரி சூரியனைப் பார்த்தாள். மத்தியானக் கஞ்சிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. தூக்குவாளியில் இருக்கிறது இரண்டு பேருக்கு உண்டானது. வீட்டில் பானையில் இருக்கிறது மாசம் முடிகிறவரை மூன்று பேருக்கு உண்டானது. அவள் குனிந்து, கழுவாமல் கிடந்த துணியை எடுத்துப் பாத்தித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து மகளின் பிடரியில் போட்டாள். மடியை அவிழ்த்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து நீட்டினாள்.

"தண்ணியக் கொஞ்சமா குடி" என்றாள்.